‘இளவரசன் அக்மது’ டிஸ்க்கில்: கறுப்பை விடுங்கள், பின்னணியைப் பாருங்கள்

ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரைனிகரின் நிழலுருவ அனிமேஷன் படம் ‘இளவரசன் அக்மதின் சாகசங்கள்’ (1926) கெட்டுப்போன பிரதியில் பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கும். சிக்கலே அதுதான். அட்டையில் கத்தரித்த உருவம் எந்த மோசமான பிரதியிலும் கறுப்பாகவே நிற்கும். ஓரமும் கூர்மையாகவே தெரியும். ஒரு பிரதியிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று எடுக்க எடுக்க கான்ட்ராஸ்ட் ஏறும். சாதாரணப் படமாக இருந்தால் நடிகரின் கன்னம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகி நம்மை எச்சரிக்கும். நிழலுருவப் படத்தில் கன்னமே கிடையாது. அங்கே அழிவது பின்னணி. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மூடுபனி என்று அடுக்கடுக்காக இருந்த சாம்பல் நிறங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து, கடைசியில் வெறும் வெள்ளைக்கு முன்னால் கறுப்பு பொம்மைகள் ஆடுவதாக முடிந்துவிடும். பார்ப்பவரோ, அந்தக் காலத்துப் படம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்வார்.

ஆகவே இந்தப் படத்தின் மறுசீரமைத்த புளூ-ரேயோ டிவிடியோ கைக்கு வந்தால், அக்மதின் முகத்தையும் கதைநாயகி பாரி பானுவின் இறகாடையையும் பார்த்துத் தரம் சொல்ல வேண்டாம். வானத்தையும் நீரையும் மலையையும் பாருங்கள். சீரமைப்புக்காரர்களின் உழைப்பெல்லாம் அங்கேதான் இருக்கிறது. டிஸ்க் தயாரித்தவர்களின் தவறும், உங்கள் டிவியின் தவறும் தெரிவதும் அங்கேதான்.

ஏன் அப்படி என்று புரிய, படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1923-இல் ஜெர்மன் மார்க்கின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்தது. காசைக் காசாக வைத்திருந்தால் கரைந்துவிடும் என்று லூயிஸ் ஹாகன் என்ற வங்கியாளர் கச்சா ஃபிலிமை வாங்கிக் குவித்திருந்தார். அதைக் கொண்டு முழுநீளப் படம் எடுக்கலாமே என்று ரைனிகரிடம் கேட்டதும் அவர்தான். போட்ஸ்டாமில் ஹாகன் வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலிருந்த பரண் ஸ்டூடியோ ஆனது. பரணின் கூரை தாழ்வு. கேமராவுக்கும் மேசைக்கும் நடுவே போதிய தூரம் வேண்டுமென்பதால் மேசையைத் தாழ்த்தி, மண்டியிட்டுத்தான் பொம்மைகளை நகர்த்தினார்கள். ரைனிகரின் கணவர் கார்ல் கோஹ் கேமராவைப் பார்த்துக்கொண்டார். வேலை மூன்று வருடம் நடந்தது. 1926 மே 2 அன்று பெர்லினின் ஃபோல்க்ஸ்பியூனே அரங்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இன்று மிஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுவே மிகப் பழையது. இதற்கு முன்பே அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்தியானி எடுத்தவை தொலைந்துபோயின.

மேசை என்றால் கண்ணாடி மேசை. விளக்கு கீழே, கேமரா மேலே. நடுவில் கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் வெட்டிய உருவம். கை, முழங்கை, மணிக்கட்டு, கழுத்து எல்லாம் தனித்தனித் துண்டுகள். மெல்லிய கம்பியால் மூட்டுப் போட்டவை. ஈயம் சேர்த்தது எடைக்காக: உருவம் கண்ணாடியோடு படிந்து கிடக்க வேண்டும், தொட்டு விட்ட இடத்தில் நகராமல் இருக்க வேண்டும். மேலே எழும்பினால் ஓரம் மங்கிவிடும். தோல்பாவையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். தோல் ஒளியை ஊடே விடும், அதனால் பாவைக்கே நிறம் உண்டு. ரைனிகரின் உருவம் ஒளியை அறவே மறைக்கும். நிறமும் ஆழமும் வேண்டுமானால் அவை பின்னணியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அந்தப் பின்னணி ஒளி ஊடுருவும் மெல்லிய தாள்களை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒரு தாள் இருக்கும் இடம் வெளிர் சாம்பல். இரண்டு தாள் அதைவிடக் கருமை. ஐந்தாறு அடுக்கினால் கிட்டத்தட்டக் கறுப்பு. தூரத்து மலைக்கு ஒரு தாள், கிட்டத்து மலைக்கு மூன்று என்று கணக்கு. ஆழத்தின் உணர்வை லென்ஸின் குவியம் தரவில்லை, தாள்களின் எண்ணிக்கை தருகிறது. ஒரு தாளுக்கும் இரண்டு தாளுக்கும் உள்ள வேறுபாடு ஃபிலிமில் மிகச் சிறியது. கான்ட்ராஸ்ட் ஏறிய பிரதியில் முதலில் தொலைவதும் அதுதான். டிஸ்க்கில் ஏதாவது நிலக்காட்சியில் படத்தை நிறுத்தி மலை அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். தாளின் நார் தெரிகிறதா என்றும் பாருங்கள். நார் தெரிந்தால் நல்ல சகுனம்.

மூல நெகட்டிவ் 1945-இல் பெர்லின் மீதான தாக்குதலில் அழிந்துவிட்டது. மிஞ்சியதில் முக்கியமானது லண்டனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் காப்பகத்தில் இருந்த, நிறமேற்றிய நைட்ரேட் (அக்காலத்து ஃபிலிம் வகை) பாசிட்டிவ் பிரிண்ட். அதை ஆதாரமாகக் கொண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள ஜெர்மன் திரைப்பட அருங்காட்சியகம் 1998-99-இல் படத்தைச் சீரமைத்தது. வொல்ஃப்காங் ஸெல்லர் இந்தப் படத்துக்கென்றே எழுதிய இசையும் மறுபடி பதிவாயிற்று. சந்தையில் உள்ள நல்ல பதிப்புகளுக்கெல்லாம் வேர் இந்த வேலைதான்.

திரையிடுவதற்கென்று எடுத்த பாசிட்டிவ் பிரிண்ட் மட்டும் கையில் இருப்பது பொதுவாகச் சீரமைப்பவருக்குத் தலைவலி. அதில் கான்ட்ராஸ்ட் ஏற்கெனவே அதிகம். இருண்ட பகுதிகளில் விவரம் ஒன்றும் இருக்காது. இந்தப் படத்தில் அந்தக் குறை பாதியாகிவிடுகிறது. இருண்ட பகுதியில் விவரமே வேண்டாம், கறுப்பு கறுப்பாக இருந்தால் போதும். கவலையெல்லாம் வெளிச்சப் பக்கத்துச் சாம்பல்களைப் பற்றித்தான்.

நிறத்துக்கு வருவோம். ஊமைப்பட காலத்தில் ஃபிலிமுக்கு நிறம் தர இரண்டு வழிகள் பரவலாக இருந்தன. ஒன்று டிண்டிங்: கறுப்பு-வெள்ளைப் பிரிண்டைச் சாயத் தொட்டியில் முக்கி எடுப்பது. படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு முழுக்கச் சாயம் ஏறும். வெளிச்சமான இடம் நிறமாகும், கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மற்றது டோனிங்: படத்தில் உள்ள வெள்ளியையே நிறமுள்ள வேறொரு சேர்மமாக மாற்றுவது. இதில் கருமையான இடம் நிறமாகும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். நிழலுருவத்துக்கு எது பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. டோனிங் செய்திருந்தால் இளவரசன் நீலப் பொம்மையாகியிருப்பான். டிண்டிங்கில் அவன் கறுப்பாகவே நிற்க, அவனைச் சுற்றியிருக்கும் இரவு நீலமாகிறது.

டிண்டிங் செய்த பிரிண்டில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. நீலக் காட்சிகள் எல்லாவற்றையும் சேர்த்து நீலத் தொட்டியில், மஞ்சள் காட்சிகளைச் சேர்த்து மஞ்சள் தொட்டியில் என்று சாயமேற்றி, பிறகு கதை வரிசைப்படி வெட்டி ஒட்டுவார்கள். அதாவது நிறம் மாறும் இடத்திலெல்லாம் பிரிண்டில் உண்மையாகவே ஓர் ஒட்டு இருக்கும். பழைய ஒட்டு விட்டுப்போனால் திரும்ப ஒட்ட ஓரிரு ஃபிரேமைப் பலிகொடுக்க வேண்டும். டிஸ்க்கில் ஏதாவது துள்ளலோ பசைக் கறையோ தெரிந்தால் அது நிறம் மாறும் இடத்தில்தான் தெரிய வாய்ப்பு அதிகம். அங்கே ஒரு ஃபிரேம் குதிப்பதை மன்னித்துவிடலாம். அதே நிறக் காட்சியின் நடுவில் குதித்தால் அது வேறு காயம்.

நிறமுள்ள நைட்ரேட்டை எப்படிப் பிரதி எடுப்பது என்பதில் காப்பகங்களுக்குள்ளேயே கட்சிகள் உண்டு. கலர் ஃபிலிமில் நேராகப் பிரதி எடுத்தால் இன்று பிரிண்ட் இருக்கும் நிலை அப்படியே வரும். மங்கிய சாயம், கறை, திட்டு எல்லாம் சேர்ந்துதான் வரும். இரண்டாவது வழி, பெல்ஜியத்தின் அரச திரைப்படக் காப்பகத்தில் நோயல் டெஸ்மெட் வகுத்தது. முதலில் பிரிண்டிலிருந்து கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் எடுப்பார்கள். அந்த நெகட்டிவைக் கலர் பாசிட்டிவ் ஃபிலிமில் அச்சிடும்போது, படத்துக்கு ஒரு தடவையும், வெறும் நிற ஒளிக்கு இன்னொரு தடவையுமாக இரண்டு முறை ஒளி படவைப்பார்கள். ஏற்கெனவே முழுக் கறுப்பான இடத்தில் நிற ஒளி ஒன்றும் செய்யாது. வெளிச்சமான இடத்தில் சீரான நிறம் ஏறும். கறுப்பு-வெள்ளை நெகட்டிவ் கலர் ஃபிலிமைப்போல் மங்காது என்பது கூடுதல் லாபம். மூன்றாவது வழி இன்று பெரும்பாலோர் செய்வது: ஸ்கேன் செய்து, நிறத்தைக் கணினியில் ஏற்றுவது.

டிஸ்க்கைப் பார்த்தே எந்த வழி என்று ஓரளவு ஊகிக்கலாம். தொட்டியில் முக்கிச் சாயமேற்றிய பிரிண்டின் ஜெலட்டின் கீறிப்போனால் சாயமும் சேர்ந்து போகும். கீறல் நிறமில்லாத வெள்ளையாகத் தெரியும். நெகட்டிவில் இருந்த தூசி அச்சாகி வந்த வெள்ளைப் புள்ளியோ, சாயமேறுவதற்கு முன்பே பிரிண்டில் இருந்தது; ஆகவே அது நீலக் காட்சியில் நீலப் புள்ளியாகவே இருக்கும். நீலக் காட்சியில் இந்த இரண்டு வகையும் தெரிந்தால், நிறம் பழைய பிரிண்டிலிருந்தே நேராக வந்திருக்கிறது. எல்லாக் கீறலும் ஒரே நீலத்தில் இருந்தால் நிறம் பின்னால் ஏற்றியது. பின்னால் ஏற்றியது என்பதற்காகக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. மங்கிய சாயத்தைவிட, 1926-இல் அரங்கில் தெரிந்த நிறத்துக்கு அது அருகில் இருக்கலாம்.

அடுத்தது தூசி துடைக்கும் வேலை. நிழலுருவப் படத்தில் அதிகம் கெடுவதும் இங்கேதான். பாசிட்டிவ் பிரிண்டின்மேல் ஒட்டிய அழுக்கு ஒளியை மறைக்கும்; வெளிச்சமான வானத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். நெகட்டிவில் இருந்த அழுக்கு வெள்ளைப் புள்ளி. கறுப்பு உருவத்தின் நெஞ்சில் விழுந்தால் கண்ணைக் குத்தும். ஃபிலிமின் பின்பக்கத்தில் உள்ள மெல்லிய கீறல்களை, ஒளிவிலகல் ஏறக்குறைய ஒத்துப்போகும் திரவத்தில் நனைத்தபடி ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் மறைத்துவிடலாம். படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கத்து ஆழமான கீறலுக்கு அது உதவாது. மீதியைக் கணினி துடைக்கும். எப்படி என்றால், ஒரு ஃபிரேமை முன்னதோடும் பின்னதோடும் ஒப்பிடும். நடுவில் மட்டும் இருந்து இரு பக்கமும் இல்லாத சின்னப் பொருள் எதுவானாலும் அது அழுக்கு என்று முடிவுகட்டி, பக்கத்து ஃபிரேமிலிருந்து எடுத்து நிரப்பிவிடும்.

சாதாரணப் படத்தில் இந்த ஊகம் பெரும்பாலும் சரி. கையால் நகர்த்திய படத்தில் இது ஆபத்து. வேகமாகப் பறக்கும் அம்பு ஓர் இடத்தில் ஒரே ஒரு ஃபிரேம்தான் இருக்கும். தீப்பொறி அப்படித்தான். சட்டென்று திரும்பும் கையின் விரல் நுனியும் அப்படித்தான். இயந்திரத்துக்கு இவையெல்லாம் தூசி. நெருப்பு மலைச் சூனியக்காரியும் மந்திரவாதியும் விலங்குகளாக மாறி மாறிச் சண்டையிட்டு, கடைசியில் நெருப்புக் கோளங்களை வீசிக்கொள்ளும் காட்சிதான் சரியான சோதனை. அந்தக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரு பொறி கிளம்பி, அடுத்த ஃபிரேமில் காணாமல்போய், அதற்கடுத்ததில் மறுபடி முளைத்தால், துடைப்பு இயந்திரம் கண்காணிப்பின்றி ஓடியிருக்கிறது என்று பொருள். இப்படிப்பட்ட காட்சிகளில் ஆள் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகச் சரிபார்ப்பதுதான் முறை. அதற்குச் செலவாகும், செலவை மிச்சப்படுத்திய இடம் இப்படித் தெரிந்துவிடும்.

மந்திரக் காட்சிகளில் பலவற்றை ரைனிகரோடு வேலை செய்த வால்டர் ருட்மான் செய்தார். மந்திரவாதி பறக்கும் குதிரையை உருவாக்கும்போது உருவமற்ற வடிவங்கள் குழைந்து நெளிவதைப் பாருங்கள், அது அவர் கை. ஆஸ்கர் ஃபிஷிங்கர் உருவாக்கிய மெழுகு சீவும் இயந்திரத்தையும் அவர் பயன்படுத்தினார். மெழுகுக் கட்டியைச் சிறிது சிறிதாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்குப் பின்னும் வெட்டுமுகத்தை ஒரு ஃபிரேம் எடுப்பது அதன் வேலை. கட்டிக்குள் அடுக்கிவைத்த வடிவம் திரையில் தானாகச் சுருண்டு விரியும். அலைகளையும் கடல் கொந்தளிப்பையும் பெர்த்தோல்ட் பார்ட்டோஷ் பார்த்துக்கொண்டார். இந்தப் பகுதிகளில் ஒளியின் அளவு ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவது வேண்டுமென்றே செய்தது. ஒளி மினுக்கலைச் சமன் செய்யும் மென்பொருளை இங்கே ஓடவிட்டால் மந்திரம் நமத்துப்போகும். மறுபக்கம், பிரிண்ட் சுருங்கியதால் ஃபிலிம் ஓரத்துத் துளைகள் இடம் மாறி, படச்சட்டம் முழுவதும் ஆடுவதைத் தாராளமாக நிறுத்தலாம். கேமரா மேலே அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது, பின்னணி ஆட வேண்டிய அவசியமே இல்லை. அந்த மென்பொருளுக்கும் பின்னணியைத்தான் அடையாளமாகக் காட்ட வேண்டும். நகரும் பொம்மையைப் பிடித்துக்கொண்டால் பொம்மை நிற்கும், மலை நடக்கும்.

எதைத் துடைக்கக் கூடாது? கண்ணாடித் தட்டில் படப்பிடிப்பின்போதே ஒட்டியிருந்த தூசியை. அது பல ஃபிரேம்களுக்கு ஒரே இடத்தில் நிற்கும், காட்சி மாறினால் போய்விடும். பொம்மையின் மூட்டில் கசியும் ஒளிப்புள்ளியை. தாளின் ஓரம் மடிந்து விழுந்த கோட்டை. இவை ரைனிகரின் மேசையில் இருந்தவை, லேபில் வந்த சேதமல்ல. இவற்றையும் அழித்துவிட்டு வழவழவென்று கொடுக்கும் டிஸ்க்கைவிட, நாலு கீறலோடு வரும் டிஸ்க் எனக்கு மேல். கிரெயினை (ஃபிலிமின் பொடிமணிகளை) வழித்தெடுக்கும் மென்பொருளுக்குத் தாளின் நாரும் கிரெயினும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்தே வழித்துவிடும்.

இடைத்தலைப்புகள், அதாவது காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகள் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய ஜெர்மனியில் தணிக்கைக்குப் போன படங்களுக்கு இடைத்தலைப்புகளின் வாசகம் முழுவதையும் அச்சிட்ட தணிக்கை அட்டை இருக்கும். வெளிநாட்டுப் பிரிண்டிலிருந்து சீரமைக்கும்போது ஜெர்மன் வாசகத்தை மீட்க அதுவே முதல் துணை. ஜெர்மன் தலைப்பும் அடியில் துணைத்தலைப்பும் உள்ள பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில விவரணை ஒலித்தடம் உள்ள பதிப்புகளும் உண்டு. குழந்தைகளோடு பார்க்க அது வசதி, ஆனால் ஸெல்லரின் இசைமேல் ஒரு குரல் இடைவிடாமல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். படம் உருவாகும்போதே கூட இருந்து எழுதிய இசை அது, முதல் தடவையாவது அதைத் தனியாகக் கேட்பது நல்லது. ஆப்பிரிக்க மந்திரவாதி, சீன அரசவை இவற்றின் சித்திரிப்பு இன்றைக்கு உறுத்தும். அதற்காகக் காட்சிகளை வெட்டிய பதிப்பை வாங்க வேண்டாம்.

இனி டிஸ்க்கின் கணக்கு. படம் சுமார் 65 நிமிடம், அதாவது 3,900 நொடி. விநாடிக்கு 35 மெகாபிட் என்று தாராளமாகக் கொடுத்தாலும் ஏறத்தாழ 17 ஜிபிதான் ஆகும்; 25 ஜிபி ஒற்றை அடுக்கு புளூ-ரேயிலேயே இடம் மிஞ்சும். டிவிடியிலும் விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் 3.9 ஜிபி, ஒற்றை அடுக்கு போதும். ஆகவே வானத்தில் சதுரம் சதுரமாகக் கட்டம் தெரிந்தால் இடப் பற்றாக்குறை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

கட்டம் தெரிவதற்கு இன்னொரு காரணம் நீலத்திலேயே இருக்கிறது. டிஸ்க்கில் படம் ஒளிர்வு, நிறம் என்று பிரித்துப் பதிவாகிறது. ஒளிர்வு முழுத் தெளிவில் இருக்கும். நிறம் நீளத்திலும் அகலத்திலும் பாதித் தெளிவுதான். 1,920×1,080 படத்தில் நிறத்துக்கு 960×540. சாதாரணமாக இது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் ஓரங்களை ஒளிர்வு தாங்கிக்கொள்ளும். ஹெச்டி தரத்தில் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 71.5 சதவீதம், சிவப்புக்கு 21.3 சதவீதம், நீலத்துக்கு வெறும் 7.2 சதவீதம். 8 பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளைவரை 219 படிகள். தூய மஞ்சளாக இருந்தால் சுமார் 203 படிகள் கிடைக்கும். தூய நீலமாக இருந்தால் சுமார் 16 படிகள்தான். டிவிடியின் பழைய தரத்தில் நீலத்துக்கு 11.4 சதவீதம், சுமார் 25 படிகள். எந்த டிண்டும் அவ்வளவு தூய நீலமில்லை என்றாலும், நிறம் அடர்த்தியாக ஆக நிலைமை அந்தப் பக்கம் சாயும். அடர்நீல இரவில் ஒரு தாள் மலைக்கும் இரண்டு தாள் மலைக்கும் நடுவே உள்ள வேறுபாடு ஒரு படிக்குள் முடங்கிவிடும். கறுப்பு உருவத்தின் ஓரத்தையும் பாதித் தெளிவுள்ள நிறத்தடம் சுமக்க வேண்டிவரும். குதிரையின் பிடரி மயிர் மரப்படிக்கட்டுபோல் வெட்டுவெட்டாகத் தெரியும்.

எனவே நீலக் காட்சியின் அடர்த்தியைச் சற்றே குறைத்து, வெளிறிய நீலமாகக் கொடுத்திருக்கும் டிஸ்க்கை ‘நிறம் போதவில்லை’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். அந்த வெளிறலில்தான் மலைகள் பிழைத்திருக்கும். ஒரே டிஸ்க்கில் மஞ்சள் காட்சி துல்லியமாகவும் நீலக் காட்சி மங்கலாகவும் தெரிந்தால், ஸ்கேனையோ பிரிண்டையோ குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிவிடிகளில் வேறொரு நோய் உண்டு. ஒரு நாட்டின் தரத்தில் தயாரித்த வீடியோவை இன்னொரு நாட்டின் தரத்துக்கு மாற்றும்போது பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களைக் கலந்துவிடுவார்கள். நடிகர் முகத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. கறுப்பு உருவத்தில் மறைக்கவே முடியாது. வேகமான அசைவில் நிறுத்திப் பாருங்கள்: உருவத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இன்னோர் ஆவி உருவம் நின்றால், அது கலப்பு. சீப்புப் பல்போல் கோடுகோடாக இருந்தால் அது வேறு. ஒற்றை வரி, இரட்டை வரி என்று மாறி மாறிப் பதிந்த இன்டர்லேஸ் பதிவை உங்கள் பிளேயர் சரியாகப் பிரிக்கவில்லை, அமைப்பை மாற்றினால் தீரலாம். ஆவி தீராது. விநாடிக்கு 24 ஃபிரேம் பதிவை ஐரோப்பிய டிவிடிக்காக 25 ஆக ஓடவிட்டிருந்தால் வேகம் நாலு சதவீதம் ஏறி, 65 நிமிடம் சுமார் 62 நிமிடம் 24 நொடியாகச் சுருங்கும். சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால் இசையும் முக்கால் அரைச்சுரம்போல் மேலேறி ஒலிக்கும்.

டிவியில் செய்ய வேண்டியவை. முதலில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை முழுக்க அணையுங்கள். நடுநடுவே இல்லாத ஃபிரேமைக் கற்பனை செய்து நுழைக்கும் வேலை அது; கையால் நகர்த்திய பொம்மையின் விரல்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஷார்ப்னஸைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். சில மாடல்களில் நடுநிலை பூச்சியமல்ல, அளவின் நடுவில் இருக்கும். மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, கறுப்பு உருவத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். இரைச்சல் குறைப்பு, தானியங்கிக் கான்ட்ராஸ்ட் இரண்டும் வேண்டாம். தானியங்கிக் கான்ட்ராஸ்டை விட்டுவைத்தால் கறுப்புத் தலைப்பு அட்டையிலிருந்து வெளிச்சக் காட்சிக்குப் போகும்போதெல்லாம் பின்னொளி மூச்சு வாங்கும். வண்ண வெப்பநிலையை ‘வார்ம்’ பக்கம் வையுங்கள். ‘கூல்’ வைத்தால் மஞ்சள் டிண்ட் பச்சையடிக்கும்.

கறுப்பு அளவுதான் அதிகம் பிசகுவது. பிளேயர் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்ற வரம்புக்குள் அனுப்ப, டிவி 0-255 என்று எதிர்பார்த்தால் கறுப்பு சாம்பலாகும். பொம்மைகள் தூசி படிந்ததுபோல் இருக்கும். நேர்மாறாக நடந்தால் கறுப்பு கட்டிதட்டி, நாலைந்து தாள் அடுக்கிய கருமலைகள் பொம்மையோடு ஒன்றிவிடும். இந்த இரண்டாவது தவறு பார்க்க அழகாக இருக்கும், ‘என்ன கறுப்பு!’ என்று தோன்றும். அதனால்தான் யாரும் திருத்துவதில்லை. எச்டிஎம்ஐ வரம்பை இரு பக்கமும் ஒன்றாக வைத்துவிட்டு, திரையின் இரு பக்கத்துக் கறுப்புப் பட்டைகளையும் பொம்மையின் உடலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பிரிண்டின் கறுப்பு, பட்டையின் கறுப்பைவிட ஒரு நூலளவு வெளிறியிருப்பது இயல்பு. இரண்டும் அறவே ஒன்றாகிவிட்டால் பிரைட்னஸை ஓரிரு புள்ளி ஏற்றுங்கள்.

பகுதி பகுதியாக மங்கும் பின்னொளி உள்ள எல்இடி டிவியில் அந்த வசதியைக் குறைந்த அளவில் வையுங்கள். பகுதிகள் குறைவான மாடலில் உருவத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். ஓஎல்இடியில் அந்தத் தொல்லை இல்லை. பட விகிதம் 4:3, ஹெச்டி திரையில் 1,440×1,080 மட்டும் நிரம்பும். பக்கத்துப் பட்டைகள் உறுத்துகிறதென்று இழுத்து நிரப்பினால் ரைனிகர் கத்தரித்த ஒடிசலான இடையெல்லாம் பருத்துவிடும். ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனையும் அணையுங்கள், சட்டத்தின் விளிம்புவரை அவர் அலங்காரம் வெட்டியிருக்கிறார்.

வாங்கும்போது: லண்டனின் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், அமெரிக்காவின் மைல்ஸ்டோன், ஜெர்மனியின் அப்சொலூட் மீடியன் ஆகியோர் இந்தச் சீரமைப்பை வெளியிட்டவர்கள். டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்பதை மண்டலக் குறி சொல்லும். புளூ-ரேக்கு இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம், பிரிட்டனும் ஜெர்மனியும் பி, அமெரிக்காவும் கனடாவும் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ. டிவிடிக்கு முறையே 5, 2, 1; சிங்கப்பூர், மலேசியாவுக்கு மட்டும் 3. உறையின் பின்பக்கத்தில் மண்டலக் குறி, 4:3, ஓடும் நேரம், இடைத்தலைப்பின் மொழி இந்த நான்கையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். சுருக்கமான ஓடும் நேரம் போட்டிருந்தால் அது வேகம் கூடியதா, வெட்டியதா என்று விசாரியுங்கள்.

அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் இந்தப் படத்துக்குக் காப்புரிமை இல்லை. ரைனிகர் இறந்தது 1981-இல். ஆசிரியர் இறந்து 70 வருடம் என்ற ஜெர்மன் சட்டப்படி அங்கே 2051 முடியும்வரை உண்டு. இதனால் இணையத்தில் யார் வேண்டுமானாலும் ஏற்றிய பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. பல இரண்டு மூன்று தடவை சுருக்கப்பட்டவை, சிலவற்றில் இசையே வேறு. ஒன்றைத் திறந்தால் முதலில் ஒரு நீல இரவுக் காட்சிக்குப் போய் மலைகளை எண்ணுங்கள். ஒரே மலைதான் இருக்கிறது என்றால் மூடிவிடலாம்.